சீதன வீடு யாருடையது? மட்டக்களப்பிலிருந்து சட்டத்தையும் சமூகத்தையும் படிக்க ஒரு வழிகாட்டி

எங்கட பக்கத்தில் கலியாணப் பேச்சு நடக்கும்போது சாதகத்துக்கு அடுத்து வருவது வீடுதான். "வீடு எழுதியாச்சா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். எங்கள் அம்மாவின் வீடு அம்மம்மாவிடமிருந்து வந்தது. அம்மம்மாவுக்கு அவவின் தாயிடமிருந்து. கல்லடியிலும் சரி, காத்தான்குடியிலும் சரி, தம்பிலுவிலிலும் சரி, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதை யாரும் சட்டம் என்று சொல்வதில்லை. ஆனால் சட்டத்தைவிட உறுதியாக அது நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன் அயலிலுள்ள ஒரு அக்கா என்னிடம் வந்தா. மகளின் படிப்புக்காகத் தன் சீதன வீட்டை ஈடு வைக்கப் போயிருக்கிறா. கணவர் கட்டாரில். "தேசவழமைப்படி புருசன்ட சைன் இல்லாமல் முடியாது" என்று ஒரு அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த பதில் பிழை என்று ஆதாரத்தோடு சொல்ல எனக்கு மூன்று கிழமை பிடித்தது. எந்தப் புத்தகத்தை முதலில் திறப்பது என்று தெரியாததால்தான் அவ்வளவு நாள். அந்த மூன்று கிழமையை உங்களுக்கு மூன்று நாளாக்கத்தான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக ஆய்வேடு எழுதுபவர்களையும், கிராமத்தில் பெண்களோடு வேலை செய்பவர்களையும், சொந்த வீட்டுப் பிரச்சினையைத் தாங்களே விளங்கிக்கொள்ள நினைப்பவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன்.

கேள்வியை ஒரு ஆளிலும் ஒரு வளவிலும் கொண்டுவந்து நிறுத்துங்கள்

"மட்டக்களப்பில் பெண்களின் சொத்துரிமை" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஆள் யார், சொத்து என்ன, நடந்தது என்ன (கலியாணமா, இறப்பா, விற்பனையா, பிரிவா), எந்த வருடம் என்ற நான்கையும் ஒரே வசனத்தில் எழுதுங்கள். "ஆரையம்பதியில் ஒரு தாய் 1998இல் மூத்த மகளுக்கு நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) எழுதினார், 2010இல் அந்த மகள் பிள்ளையில்லாமல் இறந்தால் வீடு யாருக்கு?" இப்படி எழுதினால் எந்தச் சட்டத்தைத் தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும். வருடம் கட்டாயம் வேண்டும். சட்டங்கள் மாறியிருக்கின்றன, இறந்த நாளில் இருந்த சட்டம் வேறு, இன்றைய சட்டம் வேறாக இருக்கலாம்.

இது யாருடைய சட்டம்?

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஆகவே இதில் கொஞ்சம் நின்று போவோம்.

இலங்கையில் சொத்து, கலியாணம், வாரிசு பற்றி எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. ரோமன் டச்சுச் சட்டத்தின் அடித்தளத்தில் நிற்கும் பொதுச் சட்டம் ஒன்று. அதற்குப் பக்கத்தில் கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை என்று மூன்று. தமிழர் என்றாலே தேசவழமை என்று எங்கட ஊரிலும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1706-1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் தொகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதில் சொல்லப்படுவது யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள். மட்டக்களப்புத் தமிழர் அதற்குள் வருவதில்லை.

அப்படியானால் எங்களுக்கு என்ன இருந்தது? முக்குவர் என்ற சமூகத்தின் பெயரால் வழங்கிய முக்குவர் சட்டம் இருந்தது. சொத்து தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை ஆங்கிலத்தில் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை மட்டும் விலக்கிவிட்டு மற்ற எல்லோரையும் தன் கீழ் கொண்டுவந்தது. விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் முக்குவர் இல்லை. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை தாய்வழி வாரிசு முறை அத்தோடு போயிற்று. அது எழுத்தில் இறங்கிய வருடத்திலேயே அதை முடித்துவைக்கும் சட்டமும் வந்தது என்பது எனக்கு இன்றும் மனதைத் தொடும் செய்தி.

ஆனால் ஊரில் அது போகவில்லை. வாரிசாக வர வேண்டியது சீதனமாக, நன்கொடை உறுதியாக வர ஆரம்பித்தது. தாய் உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு எழுதிவிட்டால் வாரிசுச் சட்டத்துக்கு வேலையே இல்லை. மட்டக்களப்பின் சட்டத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர் முதலில் பிடிக்க வேண்டிய நூல்நுனி இதுதான்.

1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி கணவருக்கோ மனைவிக்கோ போகும். மீதிப் பாதியை பிள்ளைகள் ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக எடுப்பார்கள். அதற்குப் பின் வந்தது விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். கலியாணமான பெண் தன் சொத்தைக் கணவரின் சம்மதம் இல்லாமலே, தனி ஆளாக, வைத்திருக்கலாம், விற்கலாம், ஈடு வைக்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. தேசவழமையில் நிலைமை வேறு. அங்கே மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. அயல் அக்காவிடம் சொல்லப்பட்டது யாழ்ப்பாணத்துக்கான பதில். மட்டக்களப்புக்கான பதில் அது இல்லை.

ஒரு கிளைக் கேள்வியும் இருக்கிறது. எங்கட பிள்ளை யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டினால்? 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். தேசவழமைக்குட்படாத பெண் அதற்குட்பட்ட ஆணை மணந்தால், அந்த மணவாழ்க்கை நீடிக்கும் வரை அவளும் தேசவழமைக்குள் வருகிறாள். மறுபக்கமும் உண்டு: யாழ்ப்பாணத்துப் பெண் எங்கட பையனை மணந்தால் அந்தக் காலத்துக்கு வெளியே வருகிறாள். ஆகவே ஆளின் சட்டத்தைக் கேட்கும்போது துணையின் ஊரையும் கேளுங்கள்.

முஸ்லிம் குடும்பம் என்றால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் உயிலில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இரண்டும் வேண்டும். வாரிசு, இறந்தவர் சார்ந்த பிரிவின் சட்டப்படி போகும்; எங்கட பக்கத்தில் அது பெரும்பாலும் ஷாபி மத்ஹப். கலியாணமும் தலாக்கும் காதி நீதிமன்றத்தில். இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை முழுவதும் வாசியுங்கள். ஒரே குழுவுக்குள்ளேயே நிலைப்பாடுகள் எப்படிப் பிரிந்தன என்பது அதில் தெரியும். சமூகத்துக்குள் நடக்கும் விவாதத்தை வெளியே இருந்து ஊகிக்கத் தேவையில்லை.

அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையையும் இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1978க்கு முன்பிருந்த எழுதிய, எழுதாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. "இது சமத்துவத்துக்கு எதிரானது, நீதிமன்றம் ஏன் தள்ளவில்லை?" என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் பதிலின் பாதி அங்கே கிடக்கிறது.

காணி எந்த வகை?

ஆள் தெரிந்ததும் காணியைப் பாருங்கள். உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா? வீட்டு வளவு பெரும்பாலும் உறுதி. காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருவது. வாய்ச்சொல்லில் "இது உனக்கு" என்றால் காணி மாறாது. வயல் என்றால் பெர்மிட்டாக இருக்கலாம், முக்கியமாகக் குடியேற்றத் திட்டங்களில். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக் காணிகளை நினைத்துப் பாருங்கள்.

பெர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே நீங்கள் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்பது வாரிசைத் தீர்மானிப்பதில்லை. அந்தச் சட்டத்துக்கே தனி வாரிசு ஒழுங்கு இருக்கிறது, மூன்றாம் அட்டவணையில். பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணியைப் பெற உரியவர்) இல்லாதபோது மகளுக்கு முன் மகன் என்று பல பத்தாண்டுகள் அது நடந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. மகளுக்கு வீடு, மகனுக்குக் கிரவல் ரோட்டைக் கடந்த வயல் என்று பிரித்துக் கொடுத்த குடும்பங்களில், அந்தப் பிரிப்பில் எது குடும்ப வழக்கம், எது சட்டத்தின் தள்ளல் என்று கேட்பது நல்ல ஆய்வுக் கேள்வி. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

உறுதியைப் பார்க்கும் இடம் காணிப் பதிவகம். பெர்மிட்டைப் பார்க்கும் இடம் பிரதேச செயலகம். தகவல் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சட்டத்தின் வாசகத்தைக் கையில் எடுப்பது

யாரோ எழுதிய சுருக்கத்தை வைத்துத் தொடங்காதீர்கள். சட்டத்தையே எடுங்கள். பழைய கட்டளைச் சட்டங்கள் 1956, 1980 ஆண்டுகளின் திருத்திய தொகுப்புகளில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவை ஒவ்வொரு வருடத்துச் சட்டங்களாக. தொகுப்பில் உள்ளதை வாசித்துவிட்டு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள்: 1980க்குப் பிறகு வந்த திருத்தங்கள் அதில் இருக்காது. கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, சட்டத்தின் பெயர், இலக்கம், அதன் பின் வந்த ஒவ்வொரு திருத்தத்தின் வருடம் என்று மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வாருங்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலச் சட்டங்களின் மூலம் ஆங்கிலம். இன்றைய சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் வருகின்றன. ஆனால் சட்டத்தின் கடைசியைப் புரட்டினால், முரண்பாடு வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும். ஆகவே தமிழ் வாசகத்தில் ஒரு சொல் தெளிவில்லாமல் இருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து அந்த ஒரு வசனத்தையாவது ஒப்பிடுங்கள். அம்பாறையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது நட்டம்.

தீர்ப்புகள்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிமன்றம் எப்படி வாசித்தது என்பது தீர்ப்பில்தான் தெரியும். 1978 வரையான தீர்ப்புகளுக்கு என்.எல்.ஆர். (நியூ லோ ரிப்போர்ட்ஸ்) என்ற தொகுதிகள், அதற்குப் பின் ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ். "16 என்.எல்.ஆர். 321" என்று கண்டால் பயப்படத் தேவையில்லை: 16ஆம் தொகுதி, 321ஆம் பக்கம், அவ்வளவுதான். அந்த இடத்தில் இருப்பது 1913இல் வந்த ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கு. தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாண 'வாசி' என்று யாரைச் சொல்வது என்ற கேள்வியைப் பேசுவது. பயிற்சிக்கு இதை எடுங்கள்.

வாசிக்கும் முறை: முதலில் தலைப்புக் குறிப்பை விட்டுவிட்டு நடந்த கதையை வாசியுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு குடும்ப மரம் வரையுங்கள். எங்கட வழக்குகளில் அந்த மரத்தில் தாய்மாமன், மருமகன், மூத்தம்மா எல்லாரும் வருவார்கள். நீதியரசருக்கு அந்த உறவு வெறும் பெயர், உங்களுக்கு அது அர்த்தமுள்ளது. பிறகு தீர்ப்பின் காரணத்தை உங்கள் சொல்லில் நான்கு வரியில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். கடைசியாக, அந்தத் தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.

சட்ட நூல்கள்

எச்.டபிள்யூ. தம்பையாவிலிருந்து தொடங்குங்கள். இலங்கைத் தமிழரின் சட்டங்கள், வழக்காறுகள் பற்றி 1954இல் வந்த அவரது ஆங்கில நூல் யாழ்ப்பாணத்தோடு நிற்காமல் முக்குவர் சட்டத்தையும் பேசுகிறது. அவர் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். எழுத்து தெளிவானது. ஆனால் வாசிக்கும்போது பதிப்பு ஆண்டை மறக்காதீர்கள். 1954க்குப் பின் எத்தனை திருத்தங்கள். நாட்டுச் சட்டம் எப்படி அடுக்கடுக்காக உருவானது என்று அறிய 1972இல் வந்த தி. நடராஜாவின் வரலாற்று நூல் போதும்; அடிக்குறிப்புகளே தனிப் புதையல். குடும்பச் சட்டத்துக்கு சிராணி பொன்னம்பலம், பெற்றோர் பிள்ளை உறவுக்கு சாவித்திரி குணசேகர. இரண்டும் 1980களின் நூல்கள்.

கொழும்பில் 1982இல் தொடங்கிய சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் வெளியீடுகள் நம் தலைப்புக்கு நேரானவை. அதை உருவாக்கியவர் நீலன் திருச்செல்வம். 1999இல் அவர் கொல்லப்பட்டார். சட்டத்தைச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று தமிழர்களில் முதலில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவரது கட்டுரைகளையும் தேடி வாசிக்கச் சொல்வேன்.

ஊரைப் பற்றிய நூல்கள்

சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. அதனால்தான் அவர்களின் கட்டுரைகளில் குடி, அதாவது எங்கட தாய்வழிக் குலம், என்ற சொல்லே வராது.

எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தை எடுங்கள். கோயில் உரிமை, குடி வரிசை, யாருக்கு எந்த மரியாதை என்பதெல்லாம் அதில் உண்டு. அதைச் சரித்திரச் சான்றாக மட்டும் வாசிக்க வேண்டாம். உரிமை கோருவதற்காக எழுதிவைத்த ஆவணமாகவும் வாசியுங்கள். அப்போது அது ஒரு சட்ட நூலுக்குக் கிட்ட வந்துவிடும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார் என்ற வழக்கில் மக்கள் எதை ஆதாரமாகக் காட்டுவார்கள் என்று யோசியுங்கள். வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், 1964, இதற்கு நல்ல துணை. இப்படியான பழைய தமிழ் நூல்களுக்கு நூலகம் என்ற எண்ணிம நூலகம் பெரிய உதவி.

மானிடவியலில் டெனிஸ் மெக்கில்வ்ரே. அவர் 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தார். அதன் முழு வடிவம் 2008இல் நூலாக வந்தது. தமிழர், முஸ்லிம் இரு பக்கத்திலும் தாய்வழிக் குடி, கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிவழி நிர்வாகம், மகளுக்கு வீடு என்ற வழக்கம் எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். வாரிசுச் சட்டம் இரு சமூகத்துக்கும் வேறு, வீட்டு வழக்கம் ஏறத்தாழ ஒன்று. இந்த ஒரு உண்மை மட்டுமே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும்.

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் விபரங்கள் மட்டக்களப்பு என்ற பெயரின் கீழ் இருக்கும்.

மூன்று நிரல்

இப்போது ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் சட்டம் சொல்வது. இரண்டாவதில் அலுவலகம் செய்வது. மூன்றாவதில் வீட்டில் நடப்பது. மூன்றும் ஒத்துப்போகாத வரிகளில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததை இப்படி எழுதிப் பாருங்கள். கரையோரத்தில் அழிந்த வீடுகளில் பல, பெண்ணின் பெயரில் இருந்த சீதன வீடுகள். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை என்று முதலில் அறிவித்தார்கள். புதுக் காணியும் வீடும் கொடுக்கும்போது படிவத்தில் கேட்டது 'குடும்பத் தலைவர்'. அந்த இடத்தில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. பெண்ணிடமிருந்து வீட்டைப் பறிக்கும் சட்டம் எதுவும் வரவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கோடு போதுமாக இருந்தது. சட்ட நூல்களை மட்டும் வாசித்திருந்தால் முதல் நிரல் காலியாக இருக்கும். பிரச்சினையே இல்லை என்று எழுதியிருப்பீர்கள்.

ஊரில் போய்க் கேட்பது

"உங்களுக்குச் சொத்துரிமை உண்டா?" என்று கேட்காதீர்கள். "இந்த வீடு உங்களுக்கு எப்படி வந்தது மாமி?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். உறுதியைப் பார்க்கலாமா என்று முதல் நாளே கேட்க வேண்டாம். அது பெட்டிக்குள் நகையோடு இருக்கும் பொருள். பார்க்கத் தந்தால் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெயர்களை எழுத்தில் மாற்றுங்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. குடியையும் தெருவையும் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடக்கிற வழக்கு ஒன்றில் ஆலோசனை சொல்லும் நிலைக்கு நீங்கள் தள்ளப்பட்டால், அங்கே நிறுத்திச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஆளை அழைத்துப் போங்கள். தேடிய தாள்களையும் கூடவே கொண்டுபோங்கள். அவை அங்கே உதவும்.

நான் அயல் அக்காவுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். மேலே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் இலக்கமும். நடுவில் 5ஆம் பிரிவின் வாசகமும் அதன் கீழே என் தமிழும். கடைசியில், அவ பிறந்ததும் மணந்ததும் மட்டக்களப்பில், கணவரும் இந்த ஊரவர்தான் என்று இரண்டு வரி. அவ அதை உறுதியோடு சேர்த்து மடித்து, ஒரு நொத்தாரிசிடம் கொண்டுபோனா.